சைக்கிளை வெட்டாத வண்டில்

எங்கள் வெல்டிங் கடை கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தனைத் தாண்டி, முல்லைத்தீவு வீதியோரமாக இருக்கிறது. கேற், யன்னல் கிறில், தண்ணீர்த் தாங்கி வைக்கிற ஸ்ராண்ட், உழவு மெசின் பெட்டியில் உடைந்துபோன கொளுக்கி, இவைதான் அன்றாடம் வருகிற வேலை. கொஞ்சக் காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. தெருவில் வியாபாரம் செய்கிறவர்கள் சைக்கிளோடு ஒரு வண்டில் பொருத்தித் தரச் சொல்லி வருகிறார்கள். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த பிறகுதான் இது கூடியது. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்றவர்களில் சிலர் அந்த வருடம் மறுபடி சைக்கிளுக்கு இறங்கினார்கள். கியூஆர் குறியீடு காட்டிக் கிழமைக்குப் பங்கீடாகக் கிடைத்த பெற்றோல் ஊர் ஊராகச் சுற்றுகிற வியாபாரத்துக்குக் காணவில்லை. பிறகு பெற்றோல் தாராளமாக வந்துவிட்டது. ஆனால் பழைய விலைக்கு அது திரும்பவில்லை, அவர்களில் பலரும் திரும்பவில்லை.

அப்படி வந்தவர்களில் அவித்த சோளனும் கச்சானும் விற்கிற ஓர் அக்கா இருந்தார். கையில் ஒரு பழைய லுமாலா சைக்கிள். பின்கரியரில் ஒரு பெட்டி, ஹாண்டிலின் இரண்டு பக்கமும் பைகள். எப்படி வண்டில் வேண்டும் என்று கேட்டதற்கு அவர் அளவோ வடிவமோ சொல்லவில்லை.

“என்ன மாதிரியும் செய்யுங்கோ தம்பி, சைக்கிளை மட்டும் வெட்டிப் போடாதேங்கோ. காலமை பிள்ளை அதிலைதான் பள்ளிக்கூடம் போறவள்.”

இங்கே வழமையாக வண்டில் செய்கிற முறை வெட்டுகிற முறைதான். சைக்கிளின் முன்பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு சில்லுள்ள பெட்டியை ஒட்டுவார்கள். அல்லது பின்பாதியை வெட்டிவிட்டு, நீள அச்சொன்றில் இரண்டு சில்லைப் போட்டு மேலே பலகை அடிப்பார்கள். வண்டில் கிடைக்கும், சைக்கிள் போய்விடும். வீட்டில் இரண்டு சைக்கிள் இருப்பவருக்கு அது பெரிய விசயமில்லை. இந்த அக்காவின் சைக்கிள் காலையில் பள்ளிக்கூடம் போகிறது, மத்தியானம் தண்ணீர்க் கான் சுமக்கிறது, பின்னேரம் சந்திக்குக் கடையாகப் போகிறது, இரவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கும் ஓடுகிறது. இத்தனை வேலை பார்க்கிற ஒன்றை ஒரே வேலைக்கென்று ஒட்டிப் பூட்டிவிட்டால், வண்டில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அவருக்கு அது நட்டம்.

மலிவு வண்டில் பற்றிப் பேசுகிற பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் எண்ணம். ஏற்கெனவே இருக்கிற சைக்கிளுக்கு எதைக் கூட்டலாம் என்று தொடங்காமல், முழு வண்டிலுக்கு என்ன விலை என்று தொடங்குகிறார்கள்.

வன்னியில் சைக்கிள் ஒரு காலத்தில் லொறி வேலையும் பார்த்தது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையோடு பெற்றோல், டீசல், சீமெந்து, பற்றரி எல்லாம் உள்ளே வருவது நின்றது. 2002 இல் ஏ9 என்கிற கண்டி வீதி திறக்கும்வரை விறகு, நெல்மூட்டை, நோயாளி, இடம்பெயர்கையில் முழு வீட்டுச் சாமான் என்று எல்லாமே சைக்கிளில் போயின. கரியரை நீட்டி, அதற்கு அண்டைக்கம்பி கொடுத்து ஒட்டி, பாரில் சாக்குத் தொங்கவிட்டு, ஆள் ஏறாமல் பக்கத்தில் நடந்து உருட்டிக்கொண்டு போவார்கள். அந்தக் காலத்தில் விறகு ஏற்றிய ஒருவர் எங்கள் கடைக்கு அடிக்கடி வருவார். பாரம் தாழப் பதிவாக இருக்கவேண்டும், அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கவேண்டும், கட்டினால் ஆடக்கூடாது என்பார். இன்றைக்கு நான் கீறுகிற ஒவ்வொரு வண்டிலிலும் அந்த மூன்றும்தான் இருக்கின்றன.

போருக்குப் பிறகு வாழ்வாதார உதவியாகப் பல மூன்றுசில்லு வண்டில்கள் இந்தப் பக்கம் வந்தன. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், யார் எவர் என்ற கதை இங்கே தேவையில்லை. அவற்றில் சில இப்போது வேலியோரம் கோழிக்கூடாக நிற்கின்றன. சில எங்கள் கடைக்கே பழைய இரும்பாக வந்தன. வெட்டிப் பார்த்தால் தெரியும், இரும்பில் ஒரு குறையும் இல்லை, தேவைக்கு மேலேயே போட்டிருக்கிறார்கள். உடையக்கூடாது என்ற பயத்தில் தடித்த ஆங்கிளும் தடித்த தகடும் வைத்ததில் வெறும் வண்டிலே அறுபது எழுபது கிலோ. பக்கத் தகட்டில் கொடுத்தவரின் பெயர்ப்பலகைக்கு நல்ல இடம் விட்டிருக்கிறார்கள். பொருள் பரப்புவதற்குத்தான் இடம் போதாது. ஆனாலும் அவை மூலையில் ஒதுங்கியதற்குப் பாரம் மட்டும் காரணமில்லை. பெரும்பாலானவற்றில் முதலில் போனது சில்லு.

சைக்கிள் சில்லு ஒரு வினோதமான பொருள். மேலிருந்து கீழே அமத்துகிற பாரத்தை அது அநாயாசமாகத் தாங்கும். தானே சில கிலோதான் இருக்கும், நூறு கிலோவைச் சுமக்கும். பக்கவாட்டில் தள்ளினால் மட்டும் தாங்காது. சாதாரண சைக்கிளுக்கு அந்தத் தேவையே வருவதில்லை, ஏனென்றால் வளைவில் திரும்பும்போது சைக்கிள் ஆளோடு சேர்ந்து சாய்கிறது. சாய்வதால் பாரம் எப்போதும் சில்லின் தளத்துக்குள்ளேயே விழுகிறது. மூன்று சில்லு வைத்த கணமே இந்தச் சாய்வு இல்லாமல் போகிறது. திரும்புகிற ஒவ்வொரு முறையும் கம்பிகளைப் பக்கவாட்டில் இழுக்கிற விசை வருகிறது. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் 4 மீற்றர் ஆரையுள்ள வளைவெடுத்தால், பாரத்தின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பக்கவாட்டு விசையாகிறது. 150 கிலோ வண்டிலென்றால் 30 கிலோவால் பக்கத்திலிருந்து தள்ளுவதற்குச் சமன். அதோடு ஒரு சில்லு குழிக்குள் இறங்கினால் றிம் எட்டுப்போல் வளைந்துவிடும்.

எங்கள் கிரவல் றோட்டுகள் நடுவில் உயர்ந்து இரண்டு ஓரமும் சரிந்திருக்கும். வாகனத்துக்கு வழிவிட்டு ஓரமாகப் போகிற மூன்றுசில்லு வண்டில் எப்போதும் வடிகான் பக்கமாகவே இழுக்கும். ஓட்டுகிறவர் நாள் முழுக்க ஹாண்டிலை மற்றப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பின்னேரம் தோள்மூட்டு நோகிறது என்று மீன்காரர் ஒருவர் சொன்னபோது, முதலில் அது பாரத்தால் வருகிற நோ என்று எடுத்துக்கொண்டோம். அவருடைய வண்டிலைச் சரிவில் ஓட்டிப் பார்த்தால் காரணம் உடனே தெரிந்தது.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்கள் வெளியிலும் இருக்கிறார்கள். 1970களில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டுவர்ட் வில்சன் என்ற பொறியியலாளர் வறிய நாடுகளுக்கென்று ‘ஒக்ஸ்ரைக்’ என்ற மூன்றுசில்லு வண்டியை வடிவமைத்தார். சிறிய 20 அங்குலச் சில்லு, பின்சில்லுகளுக்குத் தனியே பிரேக், பாரத்தோடு மிதிப்பதற்குக் கியர் என்று ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்திருந்தார். சில்லு சிறிதானால் பக்கவாட்டு விசைக்கு நெம்பு குறையும், அதனால் உறுதி கூடும். மடித்த தகட்டால் சட்டம் செய்து, சிறு பட்டறைகளிலேயே உருவாக்கலாம் என்பது அவருடைய கணக்கு. நல்ல வடிவமைப்புத்தான். ஆனால் பரந்தனில் என்னிடம் தகடு மடிக்கிற மெசின் இல்லை, கியர் ஹப்புக்கு உதிரிப்பாகம் விற்கிற கடையும் விசுவமடுவில் இல்லை.

சரி, மிதிக்கிறவரின் பலத்தைப் பார்ப்போம். ஆரோக்கியமான ஓர் ஆள் மணிக்கணக்காகக் களைக்காமல் கொடுக்கக்கூடிய வலு சுமார் 75 வாட். நன்றாகச் சாப்பிட்டு, நிழலில் என்றால்தான் அதுவும். சைக்கிள் 18 கிலோ, ஆள் 55, வண்டில் 20, பொருள் 60 என்று வைத்தால் மொத்தம் 150 கிலோவைத் தாண்டும். ஏ9 போன்ற நல்ல தார் றோட்டில், காற்று அவ்வளவு இறுகாத சாதாரண ரயரோடு, இதை மணிக்கு 10 கிலோமீற்றரில் கொண்டுபோக ஏறக்குறைய 40 வாட் போதும். அதே பாரம் கிரவலில் ஏறினால் உருளும் தடை மும்மடங்காகிறது, தேவை 120 வாட்டைத் தாண்டும். அப்போது வேகம் தானாகவே மணிக்கு ஆறுக்கு இறங்கும். மாத்தளன் பக்கத்து மணலென்றால் இறங்கித் தள்ளவேண்டியதுதான். நூறு மீற்றருக்கு மூன்று மீற்றர் உயர்கிற ஏற்றம் ஒன்றும் கிரவல் அளவுக்கே தடை கொடுக்கும். வன்னி தட்டையான நிலம் என்றாலும் குளக்கட்டு ஏறுகிற இடம், பாலத்துக்கு ஏறுகிற இடம் எல்லாம் வியாபாரிக்குத் தெரியும். இந்தக் கணக்கில் வண்டிலின் வெறும் பாரத்தில் குறைக்கிற ஒவ்வொரு கிலோவும் விற்கிற பொருளுக்குப் போய்ச் சேரும். அறுபது கிலோ வண்டிலை இழுக்கிறவர் ஒரு சோளனும் ஏற்றுவதற்கு முன்பே முழு நாள் பொருளின் பாரத்தை வீணாக இழுக்கிறார்.

இரும்பு பாரக் கணக்கில்தான் விலைப்படுகிறது என்பதால் பாரம் குறைந்தால் விலையும் குறையும். இது எங்களுக்குச் சாதகமான ஒரே இடம்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தபோது கழற்றிப் பூட்டுகிற பின்பெட்டிதான் பொருந்தியது. இரண்டு சில்லு, நடுவில் தாழ்வான பெட்டி, முன்னால் ஒரு இழுவைக் குழாய். சைக்கிள் தன்பாட்டில் சாயும், பெட்டி தன்பாட்டில் நிமிர்ந்து நிற்கும். றோட்டு சரிந்திருந்தாலும் ஹாண்டில் இழுபடாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பின்னைக் கழற்றினால் சைக்கிள் மறுபடி சைக்கிள். பெட்டிச் சில்லுகளும் சாயாதவைதான், அவற்றுக்கும் பக்கவாட்டு விசை உண்டு. ஆனால் ஆளின் பாரம் அவற்றில் ஏறுவதில்லை. 80 கிலோவை இரண்டு சில்லு பங்குபோடுகிறது, அவ்வளவுதான்.

சட்டத்துக்கு 25 மில்லிமீற்றர் சதுரப் பொக்ஸ் பார், 1.6 மில்லிமீற்றர் தடிப்பு. இது மீற்றருக்கு 1.2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, இருபதடி நீளம் ஒன்று ஏழு கிலோ. கவனமாக வெட்டினால் இரண்டு நீளத்துக்குள் முழுச் சட்டமும் முடியும். வெல்டிங் செய்கிறவர்களுக்கு ஒரு சொல். இவ்வளவு மெல்லிய குழாய்க்கு 3.2 மில்லிமீற்றர் வெல்டிங் குச்சியைப் பிடித்தால் ஓட்டைதான் விழும், 2.5 குச்சியும் குறைந்த அம்பியரும் வேண்டும். கல்வனைஸ் குழாய் மலிவாகக் கிடைத்தாலும், ஒட்டுகிற இடத்தில் நாகப்பூச்சை உரஞ்சி எடுக்காமல் ஒட்டவே வேண்டாம். அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சல் காயும். குழாயின் வாய்களை ஒட்டி அடைத்துவிட்டு, அடிப்பக்கத்தில் சின்னத் துளை ஒன்று விடவேண்டும். முல்லைத்தீவுக் கடற்காற்றில் குழாய்க்குள் தேங்கும் தண்ணீர் உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே பெயின்ற் பளபளக்கும், ஒருநாள் சட்டம் பாதியில் முறியும்.

சில்லுக்கு எங்களிடம் நிறைய வாக்குவாதம் நடந்தது. நான் கடைசியில் நிலைத்தது 26 அங்குல மவுண்டன் சைக்கிள் சில்லில். 20 அங்குலம் உறுதி கூடியதுதான், கிளிநொச்சி ரவுணுக்குள் மட்டும் விற்கிறவருக்கு அதையே கொடுப்பேன். ஆனால் மாரியில், ஒக்டோபரிலிருந்து டிசம்பர்வரை, வட்டக்கச்சி, இராமநாதபுரம் பக்கத்து உள்றோட்டுகளில் குழி தெரியாமல் தண்ணீர் நிற்கும்போது சிறிய சில்லு குழிக்குள் முழுதாக இறங்கிவிடும். 26 அங்குலத்தில் பழைய சில்லு எந்த ஊரிலும் கிடைக்கும், ரயர் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமானது. முக்கியமான விசயம் அச்சைப் பிடிக்கிற விதம். அச்சின் ஒரு பக்கத்தை மட்டும் சட்டத்தில் பூட்டி மற்றப் பக்கத்தை வெறுமனே விட்டால், முன்சில்லின் 5/16 அங்குல அச்சு சீக்கிரமே வளையும். சைக்கிளின் முன்சில்லைப் பிடிக்கிற போர்க் போல இரண்டு பக்கமும் பிடிக்கவேண்டும். அதற்கு இரண்டு துண்டுக் குழாய் கூடுதலாகப் போகும், போகட்டும். பழைய இங்கிலீஸ் பாணிச் சைக்கிள்களில் முன்சில்லுக்கு 32 கம்பியும் பின்சில்லுக்கு 40 கம்பியும் வைத்தார்களே, அது சும்மா இல்லை. பாரம் எங்கே விழுகிறதோ அங்கே கம்பி கூடியது. அப்படிப்பட்ட பழைய பின்சில்லு யாரிடமாவது கிடந்தால் இரும்புக்காரருக்குக் கொடுக்க விடமாட்டேன்.

கொளுக்கியைச் சீற் குழாயில் பூட்டுவது சுலபம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பெட்டி பின்னாலிருந்து உயரத்தில் தள்ளும், சைக்கிளின் பின்சில்லு வழுக்கும். பின் அச்சு மட்டத்தில், இடப்பக்கம் பூட்டினால் தள்ளுவிசை கீழேயே நிற்கும். இணைப்பு மூன்று திசையிலும் அசையவேண்டும். திரும்ப, மேடு பள்ளத்தில் ஏறி இறங்க, சைக்கிள் சரிந்து விழுந்தாலும் பெட்டி கவிழாமல் நிற்க. விலைகூடிய மூட்டொன்றும் தேவையில்லை. லொறி ரயரின் ஓரத்திலிருந்து வெட்டிய தடித்த இறப்பர்த் துண்டும் இரண்டு போல்ட்டும் அந்த வேலையைச் செய்கின்றன. இறப்பர் அறுந்தால் பெட்டி கழன்று ஓடாதபடி பக்கத்தில் ஒரு சங்கிலி. பொருளை ஏற்றும்போது மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் கொளுக்கியில் அமருமாறு சற்று முன்னால் ஏற்றவேண்டும். பின்பாரமானால் பெட்டி சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கப்பார்க்கும், இறக்கத்தில் வாலாட்டும்.

அகலத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இரவில் வண்டில் வீட்டுக்குள் படுக்கவேண்டும், வெளியே விட்டால் காலையில் சில்லு இராது. போருக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்ட வீடுகளில் நான் போய்ப் பார்த்தவற்றின் முன்கதவு கிட்டத்தட்ட மூன்றடி. ஆகவே சில்லு உட்பட 80 சென்ரிமீற்றருக்குள் வண்டில் நிற்கவேண்டும். சில்லுகளுக்கு இடையில் 70 சென்ரிமீற்றர் என்றால், ஒரு சில்லு 15 சென்ரிமீற்றர் குழியில் இறங்கினாலும் வண்டில் 12 பாகைதான் சாயும். பாரம் தாழ்வாக இருந்தால் கவிழ அதுபோல் இரண்டு மடங்குக்கு மேல் சாயவேண்டும். அடித்தட்டைச் சில்லுகளுக்கு நடுவில், அச்சை ஒட்டிய உயரத்தில் வைப்பது இதற்காகத்தான். ஆனால் தாழ்ந்த தட்டிலிருந்து குனிந்து குனிந்து விற்றால் முதுகு போய்விடும். பெட்டியின் மூடியைத் திறந்து பின்னால் மடித்தால் அதுவே இடுப்பளவு மேசையாக நிற்கிறது, கீழே இரண்டு மடிகால். கால் இறக்கியதும் சைக்கிளைக் கழற்றி யாராவது வேறு வேலைக்குக் கொண்டுபோகலாம், கடை நிற்கும். சோளன் அக்காவுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான்.

மீன்காரருக்கு மூடி மேசை உதவாது, அவருக்கு ஐஸ்தான் பிரச்சினை. 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரமான ரிஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டி, சுவர் 25 மில்லிமீற்றர் என்று எடுத்தால், வெளியே 32 பாகை வெயிலில் சுவர் வழியாக மட்டும் மணிக்கு அறுநூறு கிராம் ஐஸ் கரையும். ஐந்து மணித்தியாலத்துக்கு மூன்று கிலோ. சுவரை 50 மில்லிமீற்றராக்கினால் அது பாதியாகும். இதைப் பார்த்ததும் எல்லோரும் தடித்த பெட்டி கேட்பார்கள். ஆனால் கணக்கின் மற்றப் பக்கத்தில் 30 பாகையில் இருக்கிற 20 கிலோ மீனைக் குளிராக்குவதற்கே ஆறு கிலோவுக்கு மேல் ஐஸ் போகிறது. பெட்டியைவிட மீன்தான் ஐஸைத் தின்கிறது. அதனால் கரையிலேயே ஐஸ் போட்ட மீனை வாங்கினால் மிச்சப்படுவது, பெட்டியைத் தடிப்பாக்குவதால் மிச்சப்படுவதைவிடக் கூட. நான் செய்வது பெட்டிக்கு வெள்ளைப் பெயின்ற், மேலே ஈரச்சாக்குக் கட்ட நாலு வளையம், அடியில் கரைந்த தண்ணீர் வடிய ஒரு குழாய். அந்தத் தண்ணீர் பெட்டியில் தேங்கி மீன் ஊறினால் பழுதாவதும் விரைவு. வடிகுழாயைச் சில்லில் படாத பக்கமாக வைக்கவேண்டும். மீன் தண்ணீர் பட்ட இரும்பு ஒரு மாரி தாங்காது.

காசு விசயத்துக்கு வருவோம். இந்த அளவு வண்டிலை முழுதாகச் செய்து விற்றால் ஒரே தடவையில் கட்டமுடியாதவர்கள்தான் அதிகம். கிழமைக் கடன் எடுத்து வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் முழுதாக விற்க எனக்கு விருப்பமில்லை. நுண்கடன் இந்தப் பக்கத்துப் பெண்களை என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2018 இல் அரசாங்கமே வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. ஆகவே துண்டு துண்டாகச் செய்கிறோம். முதலில் சட்டமும் கொளுக்கியும். சில்லு இரண்டையும் அவர்களே தேடிக் கொண்டுவரலாம், பழைய சைக்கிள் இல்லாத வளவு வன்னியில் குறைவு. பெட்டிக்குப் பனஞ்சலாகையோ, பழைய கதவுப் பலகையோ. அதற்குள் ஒரு மீன்கூடையை வைத்துக் கட்டிக்கொண்டு வியாபாரத்தைத் தொடங்கிவிடலாம். மூடி மேசை சீட்டுக்காசு கிடைக்கிற மாதம் வரட்டும், நிழற்குடை அதற்குப் பிறகு. எல்லா நட்டும் ஒரே 13 சாவிக்கு என்பதால், சேர்க்கிற ஒவ்வொன்றையும் வீட்டிலேயே பூட்டலாம்.

இதை ஒரு முறை உதவி நிறுவனமொன்றின் ஆட்களிடம் சொன்னேன். பாதி வண்டிலை எப்படிப் படம் எடுப்பது என்று அவர்களுக்கு யோசனையாக இருந்தது.

மோட்டார் வைத்தால் என்ன என்று கம்பஸ் பிள்ளைகள் கேட்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் வந்த பிறகு இப்படிக் கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள், அது நல்ல விசயம். மோட்டார் வேலை செய்யும், கிரவலில் நிச்சயம் உதவும். ஆனால் பற்றரி ஒன்றின் விலையில் இப்படியான வண்டில் ஒன்றுக்கு மேல் செய்யலாம். அது பழுதான அன்று வியாபாரமும் நிற்கும். கறல் பிடித்த செயினை மண்ணெண்ணெயால் கழுவத் தெரியாதவர் இங்கே இல்லை, பற்றரி திருத்தத் தெரிந்தவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சில்லு இருப்பதால் வருகிற இன்னொரு நன்மை இடம். ஏ தர, பீ தர வீதிகளின் ஓரம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, உள்றோட்டுகள் பிரதேச சபைக்குரியவை. நட்ட கொட்டிலை எந்த நாளும் கழற்றச் சொல்லலாம். வண்டிலோடு போகிறவர் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ்கள் நிற்கிற நேரத்துக்கு அங்கே நிற்பார், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் என்றால் அங்கே நிற்பார், பள்ளிக்கூடம் விடுகிற மணிக்கு வேறொரு படலையடியில் நிற்பார். இரவில் ஏ9 ஓரத்தில் திரும்பி வருகிறவர்களுக்குப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டு ஒட்டாமல் நான் வண்டிலை வெளியே விடுவதில்லை. வேகமாக வருகிற பஸ்காரனுக்கு சைக்கிள் தெரிந்தாலும், அதன் பின்னால் இன்னொன்று தொடுத்திருப்பது தெரியாது.

தீராமல் இருக்கிறது பிரேக். கம்பி பிரேக் உள்ள பழைய சைக்கிள்களில், மழையில் நனைந்த இரும்பு றிம்மில் கட்டை பிடிக்கவே பிடிக்காது. பின்னால் எண்பது கிலோ தள்ளிக்கொண்டு வந்தால் சொல்லத் தேவையில்லை. இப்போதைக்கு வண்டில் இழுக்கிற சைக்கிளுக்கு மாரியில் புதுக் கட்டை மாற்றச் சொல்கிறேன், குளக்கட்டு இறக்கத்தில் இறங்கி நடக்கச் சொல்கிறேன். பெட்டி முன்னால் தள்ளும்போது தானாகவே சில்லை இறுக்குகிற மாதிரி, உழவு மெசின் பெட்டிகளில் சிலர் செய்வது போன்ற ஒரு நெம்புப் பிரேக்கைச் செய்துபார்க்க யோசனை. அதற்குக் கொளுக்கியில் கொஞ்சம் முன்பின் அசைவு விடவேண்டும், இறப்பர்த் துண்டு அதற்கு இடங்கொடுக்குமா என்று பார்க்கவேண்டும்.

அதற்கு முன்னால் இளநீர்க்காரர் ஒருவர் வந்து நிற்கிறார். இளநீர் ஒன்று ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ. அறுபது காய் ஏற்றவேண்டும் என்கிறார், அதுவே தொண்ணூறிலிருந்து நூற்றிருபது கிலோ. இந்தச் சில்லு அவ்வளவு தாங்காது, இரண்டு தரமாகக் கொண்டுபோங்கோ அண்ணை என்றேன்.

“இரண்டாம் தரம் நான் போகேக்கை சந்தியிலை வேறை ஆள் நிப்பான் தம்பி.”

அதுவும் சரிதான். பழைய மோட்டார் சைக்கிள் சில்லு இரண்டு போட்டால் நூற்றைம்பது கிலோ என்றாலும் பயமில்லை, ஆனால் வெறும் வண்டில் பத்துக் கிலோ கூடிவிடும், அதை மிதிக்கப்போவது அவருடைய கால்கள். நாற்பது காய்க்குச் சம்மதிப்பாரா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.